கட்டம் போட்ட கடல் ஓரமா நாலு நாள் சைக்கிள்

இத்தாலின்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு ரோம், வெனிஸ், சாஞ்ச கோபுரம். நான் பார்த்த இத்தாலியில இதெல்லாம் ஒண்ணும் இல்ல. நெல்லு வயல், வாய்க்கால், மடை, கொக்கு. அதைத் தாண்டினா திராட்சைக் கொடி போட்ட மேடுங்க. "மன்னார்குடிலேர்ந்து பிளேன் ஏறிப் போயி நெல்லு வயலைப் பாத்துட்டு வந்தீங்களா மச்சான்"னு என் சம்சாரத்தோட தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். ஆமாம்பா, அதைத்தான் பாத்தேன். சைக்கிள்ல போயி பாத்தேன்.

பெரியவன் டுரின் நகரத்துல படிச்சு முடிச்சு அங்கயே வேலையில இருக்கான். ரெண்டு வருஷமா வாங்கப்பா வாங்கப்பான்னு கூப்பிட்டுட்டே இருந்தான். கூப்பிடறதுக்குள்ள இன்னொரு பேச்சும் ஒளிஞ்சிருக்கும். "பத்து மா நிலத்தை வச்சுக்கிட்டு இந்த வயசுல என்னப்பா பண்றீங்க, குத்தகைக்கு விட்டுட்டு நீங்களும் அம்மாவும் நிம்மதியா இருங்க" அப்படிங்கற பேச்சு. பத்து மான்னா மூணே கால் ஏக்கர் சொச்சம், பட்டணத்து நண்பர்களுக்காகச் சொல்றேன். அவன் சொல்றதுல தப்பும் இல்ல. கணக்குப் போட்டா அவன் கணக்குதான் சரியா வரும்.

மே மாசம் எங்களுக்கு வேலை இல்லாத மாசம். வயல் காஞ்சு கிடக்கும், மேட்டூர் திறந்து ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் உழவு ஓட்டிப் போட்டுட்டு வானத்தைப் பாக்கறதுதான் வேலை. மாட்டை விட்டுட்டு வர முடியாதுன்னு சம்சாரம் சொல்லிட்டா. நான் மட்டும் கிளம்பினேன்.

போயி ரெண்டு நாள் கட்டடம், சர்ச்சு, கடைத்தெருன்னு காட்டினான். மூணாவது நாள் எனக்குக் கால் பரபரன்னு ஆயிடுச்சு. "தம்பி, இங்க விவசாயம் எங்கடா நடக்குது"ன்னு கேட்டேன். அவன் லீவு போட்டு ரெண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்துட்டான். எனக்குன்னு பேட்டரி வச்ச சைக்கிள் ஒண்ணைக் காட்டினான். பதினஞ்சு வயசுல நெல்லு மூட்டை கட்டி மிதிச்ச காலுடா இது, சாதா சைக்கிள் போதும்னுட்டேன். கியர் மாத்தற விஷயம் மட்டும் அரை நாள் பழக வேண்டியிருந்துச்சு.

டுரின்லேர்ந்து ரயில்ல சைக்கிளை ஏத்திக்கிட்டு கிவாஸ்ஸோ அப்படிங்கற ஊர்ல இறங்கினோம். போ நதியிலேர்ந்து கவூர் கால்வாய் பிரியற இடம் அதுதான். எனக்குக் கல்லணையில போயி நின்ன மாதிரி இருந்துச்சு. 1863-ல வெட்ட ஆரம்பிச்சு 1866-ல முடிச்சிருக்காங்க. எண்பது கிலோமீட்டருக்கு மேல நீளம். ஜேசிபி கிடையாது, பொக்லைன் கிடையாது, எல்லாம் மண்வெட்டி, செங்கல், மனுஷன் முதுகு. முழுசா விட்டா நொடிக்கு 110 கன மீட்டர் தண்ணி போகும். எங்க ஊர் கணக்குல சொன்னா 3,900 கன அடி. நம்ம கல்லணைக் கால்வாய்க்குக் கிட்டத்தட்ட வரும்.

கரையோரமா மண் ரோடு. ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் வயல், தூரத்துல ஆல்ப்ஸ் மலை வெள்ளையா நிக்குது. தரை சமதளம், மேடு பள்ளமே இல்ல. சைக்கிள்ல போறதுக்கு இதைவிட வேற என்ன வேணும்? கார்ல போயிருந்தா பச்சையா ஏதோ இருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்திருப்பேன். சைக்கிள் உயரத்துலேர்ந்து பாத்தாதான் வரப்பு எவ்வளவு அகலம், தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, பயிர்ல எத்தனை இலை விட்டிருக்குன்னு தெரியும்.

சலுஜ்ஜியா பக்கத்துல ஒரு அதிசயம். டோரா பால்டெயான்னு ஒரு ஆறு குறுக்க வருது. கால்வாய் அந்த ஆத்து மேல பாலத்துல ஏறிப் போகுது. மேல ஒரு தண்ணி, கீழ ஒரு தண்ணி. இன்னும் கிழக்க செசியான்னு ஒரு ஆறு, அங்க கால்வாய் ஆத்துக்கு அடியில சுரங்கமா பூந்து அந்தப் பக்கம் எழுந்திரிக்குதாம். 160 வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. இதைவிட எனக்குப் பிடிச்சது இன்னொரு கணக்கு. கோடையில நெல்லுக்குத் தண்ணி தேவைப்படற நேரத்துல போ நதியில வரத்து குறைஞ்சுபோகும். ஆனா டோரா பனிமலையிலேர்ந்து வர்ற ஆறு, வெயில் ஏற ஏற பனி உருகி தண்ணி கூடும். அதனால டோராவுலேர்ந்து ஒரு துணைக் கால்வாய் வெட்டி இதுல சேத்து விட்டிருக்காங்க. ஒரு ஆறு கைவிட்டா இன்னொரு ஆறு தாங்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, ஒரே காவேரி.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தக் கால்வாய்க்குப் பேர் வச்சிருக்காங்களே, கவூர், அவர் இத்தாலியை ஒண்ணாச் சேர்த்த மந்திரி. ஆனா அவருக்கு வெர்செல்லி பக்கம் நெல்லுப் பண்ணையும் இருந்திருக்கு. 1853-லயே செசியா ஆத்துக்கு மேற்கால இருக்கற விவசாயிங்களைச் சேர்த்து ஒரு பாசன சங்கம் உண்டாக்கியிருக்கார். தண்ணியைப் பங்கு பிரிக்கறது, வாய்க்கால் பராமரிக்கறது எல்லாம் அந்தச் சங்கம். இன்னிக்கும் வெர்செல்லியில அதே சங்கம் நடக்குது. எங்க ஊர்ல முன்ன குடிமராமத்துன்னு வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட போவோம். அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தூர் வாரறது டெண்டர் வேலையாப் போச்சு.

சரி, வயலுக்கு வர்றேன். நாங்க போனது மே கடைசி. தண்ணி நிக்கற வயல்ல நாத்து மேல தலை தூக்கற நேரம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் சதுரம் சதுரமா தண்ணி, அதுல மலையும் மேகமும் தலைகீழா தெரியுது. "கட்டம் போட்ட கடல்"னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க. ரொம்பப் பொருத்தம். வெள்ளைக் கொக்கு, சாம்பல் நாரை, அப்புறம் கறுத்த தலையோட அரிவாள்மூக்கன். ஆகா நம்ம ஊர் பறவைன்னு சந்தோஷப்பட்டு நின்னேன். பெரியவன் போன்ல பாத்துட்டு, இது ஆப்பிரிக்கா இனம், வளர்ப்புலேர்ந்து தப்பிச்சுப் பெருகினதுன்னு சொன்னான். எங்கேர்ந்து வந்தா என்ன, நெல்லு வயலைக் கண்டுபிடிச்சு வந்துருச்சு பாருங்க.

அங்க நடவு கிடையாது. எல்லாம் நேரடி விதைப்பு. முன்ன தண்ணி கட்டிட்டு விதை தெளிப்பாங்களாம். இப்ப நிறைய பேர் காஞ்ச மண்ணுல மிஷின் வச்சு வரிசையா விதைச்சு, மூணு நாலு இலை வந்தப்புறம் தண்ணி கட்டறாங்க. செலவு கம்மி. ஆனா இதுல ஒரு சிக்கல். முன்ன ஏப்ரல்ல வயல் முழுக்க நின்ன தண்ணி மண்ணுக்குள்ள இறங்கி நிலத்தடி நீரை ஏத்தும். இப்ப எல்லாருக்கும் ஜூன்லதான் ஒரே நேரத்துல தண்ணி வேணும்னு ஆயிடுச்சு. அந்த ஜூன்ல ஆறு வத்திட்டா? 2022-ல அதான் நடந்துச்சு. எழுபது வருஷத்துல பாக்காத வறட்சின்னு சொன்னாங்க. போ நதி மணல் திட்டாக் கிடந்து, அரசாங்கம் வடக்குல அஞ்சு மாகாணத்துக்கு அவசர நிலை அறிவிச்சது. பனிமலை பக்கத்துல இருந்தும் அந்தக் கதின்னா, கடைமடைக்காரன் நான் என்ன சொல்ல?

வருஷத்துக்கு ஒரே போகம். ஏப்ரல், மேயில விதைச்சு செப்டம்பர், அக்டோபர்ல அறுவடை. ஏக்கருக்கு நம்ம அறுபது கிலோ மூட்டைக் கணக்குல நாப்பதுக்கு மேல வருது. அதுல ஒண்ணும் நம்மாளு சளைச்சவன் இல்ல. வித்தியாசம் அளவுலதான். இத்தாலி முழுக்க ரெண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல நெல்லு. பண்ணை எத்தனைன்னு கேட்டா சுமார் நாலாயிரம்தான். ஒரு பண்ணைக்கு அம்பது ஹெக்டேர், அதாவது 125 ஏக்கர் சராசரி. என் பத்து மாவைப் போல நாப்பது பங்கு.

அம்பத்தஞ்சு கிலோமீட்டர் மிதிச்சு வெர்செல்லி போய்ச் சேர்ற வரைக்கும் வயல்ல நான் பாத்த ஆளுங்களை எண்ணிட்டேன். ஏழு பேர். அதுல அஞ்சு பேர் டிராக்டர் மேல. இரும்பு கேஜ் வீல் போட்ட டிராக்டர், அது நம்ம ஊர் மாதிரியேதான். மீதி ரெண்டு பேர்ல ஒருத்தர் மடையில பலகை மாத்திக்கிட்டிருந்த பெரியவர். பக்கத்துல சைக்கிளை நிறுத்தினேன். பெரியவன் மொழிபெயர்த்தான். இவங்கப்பாவும் நெல்லு விவசாயின்னு சொன்னதும் அவர் முகத்துல ஒரு சந்தேகம். என் கையைப் பிடிச்சுத் திருப்பி உள்ளங்கையைப் பாத்தார். அப்புறம்தான் சிரிச்சார். எத்தனை ஹெக்டேர்னு கேட்டார். ஒண்ணே கால்னேன். பெரியவன் தப்பா சொல்றான்னு நினைச்சு மறுபடி கேட்டார்.

வழி நெடுக பெரிய பெரிய செங்கல் பண்ணை வீடுங்க. நடுவுல முற்றம், நாலு பக்கமும் கட்டடம். முதலாளி வீடு, கூலியாளுங்க வரிசை வீடு, மாட்டுக் கொட்டில், களம், சிலதுல கோயில்கூட. ஒரு பண்ணையே ஒரு ஊர். இப்ப பாதிக்கு மேல ஜன்னல் பலகை அடிச்சுக் கிடக்கு. ஓடு சரிஞ்சு கிடக்கு. ஒண்ணுல உள்ள எட்டிப் பாத்தேன், களத்துல புல்லு முழங்கால் உயரம். ஆனா அந்தப் பண்ணையைச் சுத்தி இருக்கற வயல் எல்லாம் கண்ணாடி மாதிரி லேசர் வச்சு சமன்படுத்தி, ஒரு களை இல்லாம இருக்கு.

முன்ன இந்த வயல்ல களை எடுக்கவும் நாத்து நடவும் பொம்பளைங்க வருவாங்களாம். மொந்தீனேன்னு பேர். வேற மாகாணத்துலேர்ந்தெல்லாம் ரயில்ல வந்து நாப்பது நாள் தங்கி, முழங்கால் தண்ணியில குனிஞ்சு நின்ன சனம். கூலியில ஒரு பங்கு அரிசியா குடுப்பாங்க. எட்டு மணி நேர வேலைதான் செய்வோம்னு சண்டை போட்டு 1906-ல வெர்செல்லியில வாங்கினவங்க இவங்கதான். 1949-ல "ரீசோ அமாரோ"ன்னு ஒரு சினிமா வந்துச்சு, கசப்பு அரிசின்னு அர்த்தம். அந்த பாஷையில அரிசிக்கும் சிரிப்புக்கும் ஒரே வார்த்தையாம், அதனால கசப்புச் சிரிப்புன்னும் எடுத்துக்கலாம். சாயங்காலம் பெரியவன் போன்ல கொஞ்சம் காட்டினான். வரிசையா குனிஞ்சு நிக்கற அந்தப் பொம்பளைங்களைப் பாத்தப்ப, சேலைக்குப் பதிலா வேற துணி, அவ்வளவுதான். எங்கம்மா நிக்கற மாதிரியே இருந்துச்சு. களைக்கொல்லி வந்துச்சு, மிஷின் வந்துச்சு, அவங்க வர்றது நின்னு போச்சு. அந்த முதுகு ஒடியற வேலை போனதுல எனக்கு வருத்தம் இல்ல. எங்கம்மாவுக்கும் இருக்காது. ஆனா வேலையோட சேர்ந்து ஊரும் போகணுமா? நெல்லு இருக்கு, ஊரு இல்ல. இதைத்தான் ராத்திரி பூரா யோசிச்சேன்.

ராத்திரின்னதும் ஞாபகம் வருது, கொசு. மன்னார்குடி கொசுவே தோத்துப்போகும்.

சாப்பாடு பத்திச் சொல்லலைன்னா கோவிச்சுப்பீங்க. அவங்க அரிசி குட்டை, உருண்டை, பாக்க இட்லிக் குண்டு மாதிரி. வடிக்கறது கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா கொதிக்கற சாறு ஊத்திக் கிண்டிக்கிட்டே இருக்காங்க. பானிஸ்ஸான்னு வெர்செல்லி சாப்பாடு, அரிசியும் காராமணி மாதிரி ஒரு பயறும் பன்றிக்கறியும் போட்டது. நடு அரிசி பல்லுல லேசா கடிபடணுமாம், அப்பத்தான் பதம். எங்க வீட்ல அப்படி வச்சா அரை வேக்காடுன்னு தட்டைத் தள்ளிடுவோம். ஆனா ருசி, சும்மா சொல்லக்கூடாது.

ரெண்டாம் நாள் தெற்க இறங்கினோம். லூசேதியோன்னு ஒரு பழைய மடம். 1123-ல துறவிங்க வந்து சதுப்பைத் திருத்தி, பின்னால இந்தப் பக்கம் நெல்லு விவசாயத்தைக் கொண்டாந்தது அவங்கதான்னு சொல்றாங்க. அதைத் தாண்டினா சமவெளி நடுவுல திடுதிப்புன்னு ஒரு காடு. சுத்தி எல்லாம் வயல், இது மட்டும் அறுநூறு ஹெக்டேர் மரம். இது எப்படித் தப்பிச்சதுன்னு கேட்டேன். பதில் கேட்டு அங்கயே உக்காந்துட்டேன். 1275-ல அந்தச் சீமையை ஆண்ட பிரபு, டிரீனோ ஊர்க்காரங்களுக்குப் பொதுவா இந்தக் காட்டை எழுதிக் குடுத்திருக்கார். அன்னிலேர்ந்து அது தனி ஆள் சொத்து இல்ல, அரசாங்க சொத்தும் இல்ல. அந்தக் குடும்பங்களோட வாரிசுங்களோட பொதுச் சொத்து. வருஷத்துக்கு ஒரு பகுதியில மட்டும்தான் மரம் வெட்டலாம். அந்தப் பகுதியைப் பங்கு போட்டு, யாருக்கு எந்தப் பங்குன்னு சீட்டுக் குலுக்கி எடுக்கணும். எழுநூத்தம்பது வருஷமா சீட்டுக் குலுக்கறாங்க!

எங்க ஊர்லயும் மேய்ச்சல் புறம்போக்கு இருந்துச்சு. நான் மாடு ஓட்டிப் போயி மேச்ச இடம். இப்ப அங்க என்ன இருக்குன்னு எழுதினா சண்டை வரும்.

டிரீனோலேர்ந்து போ நதியை ஒட்டிப் போயி கசாலே மொன்ஃபெர்ராட்டோவுல தங்கினோம். ஆத்தங்கரையில அழகான ஊரு. அங்க ஒரு பூங்கா. இது என்ன பூங்கான்னு பெரியவன் படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னான். 1907-லேர்ந்து 1986 வரைக்கும் அங்க ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டு பண்ற எடெர்னிட் கம்பெனி இருந்திருக்கு. அந்தத் தூசி நுரையீரல் சவ்வுல போயி உக்காந்து, முப்பது நாப்பது வருஷம் கழிச்சுப் புத்துநோயா வருது. வேலை பாத்தவங்க மட்டும் இல்ல. புருஷனோட வேலைத் துணியைத் துவைச்ச பொண்டாட்டிங்க, கம்பெனியிலேர்ந்து சும்மா குடுத்த தூளை வாசல்ல, பரண்ல கொட்டின வீட்டுக்காரங்க, எல்லாருக்கும். ரெண்டாயிரம் பேருக்கு மேல செத்திருக்காங்க. இன்னும் வருஷா வருஷம் புதுசா வருது. இத்தாலி 1992-ல ஆஸ்பெஸ்டாஸையே தடை பண்ணிருச்சு. கம்பெனி இருந்த இடத்தைச் சுத்தம் பண்ணி 2016-ல பூங்காவாத் திறந்திருக்காங்க.

எங்க மாட்டுக் கொட்டாய் மேல என்ன போட்டிருக்கு? அதே ஷீட்டுதான். எங்க தெருவுல முக்கால்வாசி வீட்டுல அதுதான். 2018-ல கஜா புயல்ல உடைஞ்சப்போ ஊரே உக்காந்து ரம்பத்துல அறுத்து மாத்தினுச்சு. புள்ளைங்க உடைஞ்ச துண்டை வச்சு விளையாடுச்சுங்க. நம்ம நாட்டுல இன்னிக்கும் கடையில கிடைக்குது. இதைப் படிக்கறவங்க வீட்டுல இருந்தா, துளை போடாதீங்க, அறுக்காதீங்க, உடைக்காதீங்க. மாத்த வேண்டி வந்தா நல்லா நனைச்சுட்டு முழுசா இறக்குங்க.

மூணாம் நாள் மேடு. போ நதியைத் தாண்டினதும் சமவெளி டக்குன்னு நின்னு, அலை அலையா குன்று ஆரம்பிக்குது. மொன்ஃபெர்ராட்டோ. ஒவ்வொரு மேட்டு உச்சியிலயும் ஒரு சின்ன ஊரு, ஒரு மணிக்கூண்டு. சரிவுல திராட்சை. அழகுன்னா அழகு, 2014-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேத்திருக்காங்க. ஆனா அழகை மிதிச்சு ஏறினாத்தான் தெரியும். ஏத்தத்துல பாதி தூரம் நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுதான் போனேன். "அப்பா, பேட்டரி சைக்கிள்"னு மட்டும் சொன்னான். நான் காதுல வாங்கல.

செல்லா மொந்தேன்னு ஒரு ஊர்ல பூமிக்கடியில வெட்டின அறை ஒண்ணு பாத்தோம். இன்ஃபெர்னோட்னு பேர். மெத்துன்னு இருக்கற ஒரு மஞ்சள் கல்லு அங்க. பனிக்காலத்துல வயல்ல வேலை இல்லாதப்ப, விவசாயிங்க சுத்தியலும் உளியும் வச்சு வீட்டுக்கு அடியில தானே குடைஞ்சு பண்ணினது. சுத்தி பாட்டில் வைக்கத் திட்டு, நடுவுல மேசை, எல்லாம் ஒரே கல்லு. வெளிச்சம் கிடையாது, எந்த மாசமும் ஒரே குளிர்ச்சி. எஞ்சினியர் இல்ல, கொத்தனார் இல்ல, விவசாயி வெட்டினது.

வீஞாலே பக்கம் ஒரு சரிவுல எழுபது எழுபத்தஞ்சு வயசுல ஒருத்தர் கொடியில வேண்டாத துளிரைக் கிள்ளிக்கிட்டிருந்தார். தண்ணி கேட்கறதுக்காக நின்னோம். அவர் தோட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. பக்கத்துல வேலி மாதிரி ஒரே புதர், வெள்ளையா பூத்து உதிர்ந்த மரம். ரொபீனியான்னு பேர், அமெரிக்காவுலேர்ந்து வந்த மரமாம். முள்ளும் இருக்கு, வேருலேர்ந்து முளைச்சுக்கிட்டே போகும். எங்க ஊர் சீமைக்கருவேலுக்கு அண்ணன். அந்தப் புதருக்குள்ள பழைய கொடி இன்னும் உயிரோட இருக்கு. 1950, 60-கள்ல இந்த மேட்டு சனம் எல்லாம் டுரினுக்குக் கார் கம்பெனி வேலைக்கு இறங்கிருச்சு. விட்டுட்டுப் போன தோட்டம் இப்படி ஆச்சு.

அதனால உங்களுக்கு என்ன கஷ்டம்னு கேட்டேன். அவர் ஒரு கொடியைக் காட்டினார். இலை மஞ்சளாகி ஓரம் சுருண்டு இருந்துச்சு. ஒரு தத்துப்பூச்சி பரப்பற நோய், வந்தா கொடியை வேரோட பிடுங்கி எறியறதுதான் வழி. இவர் மருந்து அடிக்கறார். அந்தப் பூச்சி அடிக்காத புதருக்குள்ள கைவிட்ட கொடியில குடியிருந்துட்டு மறுபடி வருது. "அவங்க போயிட்டாங்க, அவங்க கொடி போகல"ன்னு சொன்னார்.

இதை நான் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிஞ்சுக்கிட்டேன். எங்க பக்கம் ஒரு வயல் தரிசாக் கிடந்தா அடுத்த வயல்ல எலி, வாய்க்கால் தூர்ந்து கீழ்வயலுக்குத் தண்ணி ஏறாது.

உங்களுக்கு அப்புறம் யாருன்னு கேட்கச் சொன்னேன். பெரியவன் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுதான் கேட்டான். பொண்ணு மிலான்ல இருக்காளாம். அறுவடைக்கு மாசிடோனியாவுலேர்ந்து வர்ற ஆளுங்கதான் கை குடுக்கறாங்களாம். அவர் திருப்பி என்னைக் கேட்டார், உங்களுக்கு அப்புறம் யாரு. பெரியவன் அதை மொழிபெயர்க்கல. கேள்வி எனக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சு.

நாலாம் நாள் ஆஸ்தி வரைக்கும் இறக்கமும் ஏத்தமுமா முப்பது கிலோமீட்டர். மொத்தம் நூத்தம்பது சொச்சம். ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கல. ரயில்ல ஏறி உக்காந்தப்புறம் அவன் கேட்டான், "குறுவைக்கு விதைநெல்லு எடுத்தாச்சாப்பா?" அஞ்சு வருஷத்துல அவன் கேட்ட முதல் விவசாயக் கேள்வி. ஏடிடி 53 எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னேன். எத்தனை நாள் பயிருன்னு கேட்டான். சொன்னேன். குத்தகைப் பேச்சை அவனும் எடுக்கல, நானும் எடுக்கல.

ஊருக்கு வந்ததும் கொட்டாய்க்குத் தகர ஷீட்டு விலை விசாரிச்சேன். ஒரேயடியா முடியாது, அறுவடைப் பணம் வந்ததும் பாதி மாத்தலாம்னு இருக்கேன். போன வாரம் என் கிழக்கு வரப்புக்காரர் வந்தார். மகன் சென்னைக்குக் கூப்பிடறானாம், அவரோட எட்டு மாவை நான் பாத்துக்கறேனான்னு கேட்டார். இல்லைன்னா தரிசு போடறதுதான் வழிங்கறார். நடவு முடியட்டும், சொல்றேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.